புகார் வரவில்லை

"அடப்பாவி! அந்தப் பதினாலு மாடிப் பணக்காரங்க லிஃப்ட்டுலேர்ந்தா இதைக் கழட்டிட்டு வந்தே?"

சூப்பர்வைசருக்குத் தலை கிறுகிறுத்தது. எட்டு மாடி அரசுக் குடியிருப்பின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் சின்ன அறை அது. மெக்கானிக் தரையில் சம்மணம் போட்டுப் பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மோட்டாரில் புத்தம் புதிய பிரேக் கட்டைகள் பளபளத்தன. இந்தக் கட்டடத்துக்கு அப்படி எதையும் கம்பெனி அனுப்பவே இல்லை.

"அப்ப இங்க தேஞ்சு கிடந்த பழைய கட்டை?"

"அங்க மாட்டிட்டேன் சார். ரெண்டும் ஒரே மாடல்தானே? காலையிலயே முடிச்சுட்டேன்."

ஏதோ பல்பு மாற்றிவிட்டு வந்தவர் மாதிரி சொன்னார்.

"யோவ், இது திருட்டு மட்டுமில்ல, கொலை! பதினாலு மாடி. பிரேக் பிடிக்கலைன்னா?"

"இங்க பிடிக்காம இருந்தப்ப அது கொலை இல்லையா சார்? மூணு மாசமா எழுதிப் போட்டோம். பணம் ஒதுக்கலைன்னு ஒரே பாட்டு. போன வாரம் ஜனம் கூட்டமா ஏறினப்ப, உள்ள ஒரு பிள்ளைத்தாச்சியோட லிஃப்ட் ரெண்டு மாடி வழுக்கிடுச்சு. அந்தப் பொண்ணு அலறினது இன்னும் என் காதுல இருக்கு."

"லிஃப்ட்டை நிறுத்தி வெச்சிருக்கலாமே?"

"மேல படுத்த படுக்கையா கிடக்கறவங்களை நீங்க தூக்கிட்டு இறங்குவீங்களா?"

சூப்பர்வைசருக்குச் சுருக்கென்றது. "அங்கயும் மனுஷங்கதானேய்யா?"

"காசுள்ள மனுஷங்க. ரெண்டு லிஃப்ட்ல ஒண்ணு லேசா கரகரன்னாலே உங்க போன் அலறும். சாயங்காலத்துக்குள்ள புதுக் கட்டை வாங்கி மாட்டச் சொல்லிடுவாங்க. அந்தச் செலவு அவங்களுக்குத் தூசு. ஒண்ணு ரெண்டு பேர் போனா பழைய கட்டை தாங்கும் சார். கூட்டமா ஏறினாத்தான் ஆபத்து. அங்க யார் கூட்டமா ஏறுறாங்க? வேலைக்காரங்க ஏறக் கூடாதுன்னு போர்டே மாட்டியிருக்காங்க. நம்ம ஜனம் ஒருத்தர்கூட அதுல ஏற முடியாது."

சூப்பர்வைசர் போனை எடுத்தார். "அந்த லிஃப்ட்டை நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஏன் என்று கேட்பார்களே! இந்த ஆள் கம்பி எண்ணப் போவார், தன் வேலைக்கும் வேட்டுதான். அதோடு, மெக்கானிக் சொல்வதில் நியாயமே இல்லையென்று அடித்துச் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை.

'புகார் வரட்டும், ஓடிப்போய் மாட்டிவிடலாம்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனைப் பையில் போட்டார். வெட்கமாகவும் இருந்தது.

சட்டென்று ஏதோ உறைத்தது.

"காலையில மாட்டினே, இப்ப மணி மூணு. ஏன்யா எனக்கு இன்னும் ஒரு போன்கூட வரலை?"

மெக்கானிக் புருவத்தைச் சுருக்கினார். அவருக்கும் அது புரியவில்லை. அதற்குள் அவருடைய போன்தான் அடித்தது. கையெல்லாம் கிரீஸ் என்பதால் ஒற்றை விரலால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"என்னங்க, ஒரு நல்ல சேதி!" மனைவியின் குரல் துள்ளியது. "பதினாலு மாடி ஏறி இறங்கி முட்டி தேஞ்சுபோச்சுன்னு தினமும் புலம்புவேன்ல? இனிமே படியே ஏற வேண்டாம். வேலைக்காரங்க எங்களுக்குன்னே தனி லிஃப்ட் விட்டுட்டாங்க!"

மெக்கானிக் கிரீஸ் கையோடு போனை வெடுக்கென்று எடுத்தார்.

"எந்த... எந்த லிஃப்ட்?"

"ஒண்ணு காலையிலேர்ந்து கரகரன்னு சத்தம் போடுதாம். வீட்டம்மாங்க யாரும் அதுல ஏற மாட்டேன்னுட்டாங்க, அதான் எங்களுக்கு ஒதுக்கிட்டாங்க. ஒம்போது பேரும் மூட்டை முடிச்சோட நெருக்கியடிச்சு ஏறிட்டோம். இதோ, கதவு மூடுது... வெச்சுடறேன்!"