பின்னோக்கி ஓடும் படம்

மைசூர்க் கல்லூரி வகுப்பறையின் ஜன்னல்களில் கறுப்புக் கம்பளி தொங்குகிறது. அதன் ஓட்டை வழியே நுழைந்த வெயில் கரும்பலகையின் ஓரத்தில் காசளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. புரொஜெக்டர் கடகடக்க, சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியில் ராமாபுரத்துப் பஞ்சாயத்து சத்தமில்லாமல் நடக்கிறது. ஊர்க் கிணற்றில் வாளி இறக்கிய குற்றத்துக்காகச் சேரிக்காரர் ஒருவர் பெரியவர்கள் முன் வந்து நிற்கிறார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டுகிறார். புழுதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுகிறார். "தீண்டாமை குற்றம்னு சட்டம் எழுதி நாலு வருஷம் ஆச்சு. அங்கே நியாயம் இன்னும் இதுதான்," என்கிறார் சமூகவியல் பேராசிரியர் கேசவமூர்த்தி. "ரத்தினவேலு, அந்த இடத்தை இன்னொரு தடவை காட்டுப்பா."

புரொஜெக்டர் ஓட்டும் ரத்தினவேல் விளக்கை அணைக்காமலே ரீலைப் பின்னோக்கி ஓட்டுகிறார். விழுந்தவர் மரக்கட்டைபோல விறைத்து எழுகிறார். வகுப்பு கொல்லென்று சிரிக்கிறது. பெண்கள் உட்காரும் முன் பெஞ்சில் அஞ்சலை எழுந்து நிற்கிறாள். அவள் தலையின் நிழல் படத்துக்குள் விழுகிறது. "சிரிக்காதீங்க. அது எங்கப்பாங்க." சிரிப்பு நின்றுவிடுகிறது. கேசவமூர்த்தி கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைக்கிறார். "அணைச்சுடுப்பா," என்கிறார். ரத்தினவேலின் விரல் சுவிட்சுக்குப் போகிறது. "வேண்டாங்க சார், அப்படியே ஓடட்டும்," என்கிறாள் அஞ்சலை. படம் ஓடுகிறது. இடுப்புத் துண்டு அவிழ்ந்து தோளுக்கு ஏறுகிறது. அஞ்சலையின் அப்பா, தலை நிமிர்ந்து, பெரியவர்களை நேராகப் பார்த்தபடியே, ஒவ்வோர் அடியாகப் பின்னால் எடுத்து வைத்து அந்தக் கூட்டத்தை விட்டுப் போகிறார்.