இடது பக்க ஜாயின்ட்

அந்த மெக்கானிக்குக்கு வேறு எந்த மெக்கானிக்கையும் கண்டால் ஆகாது. தங்கை தன் கார் இடது பக்கமே இழுக்கிறது என்று கொண்டுவந்தபோது, அடியில் படுத்துப் பார்த்தவருக்குச் சிரிப்புதான் வந்தது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஜாயின்ட் விழப்போகும் பல்லாக ஆடியது.

"எந்தக் கழுதை மாட்டுனது இது? கண்ண முதுகுலயா வெச்சிருந்தான்? ஒரு பள்ளத்துல எறங்கியிருந்தா சக்கரம் தனியா போயிருக்கும்."

"யாரும் கை வெக்கலண்ணா. புதுசா வாங்குனதுலேருந்து இன்னைக்குத்தான் கழட்டுறோம்."

"ஆமா, தானா தேஞ்சு தானா மாட்டிக்கிச்சு" என்றபடி கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவினார். இரும்பில் ஆணியால் கீறிய தேதி தெரிந்தது. அடுத்தவன் வேலையை யாரும் தன் தலையில் கட்டிவிடக் கூடாதென்று, தான் மாட்டும் ஒவ்வொன்றிலும் அவர் அப்படிக் கீறுவார். கையெழுத்து அவருடையது. தேதி, வருடம் உட்பட, இன்றையது.

எவனோ வயிற்றெரிச்சல் பிடித்தவனின் விளையாட்டு என்று காறித் துப்பினார். புதியதை எடுத்துத் தேதி கீறி, மாட்டி, மூன்று முறை முறுக்கிப் பார்த்தார்.

தங்கை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டாள். "இனிமே பயமில்லையேண்ணா?"

"நான் செஞ்ச வேலைடி, போ."

கார் கிளம்பியது. பழையதைப் போட அவர் கழிவு டிரம்மைத் திறந்தார். உள்ளே அதே இடது பக்க ஜாயின்ட் நான்கு கிடந்தன. நான்கும் தேய்ந்து துருவேறியிருந்தன. நான்கிலும் அவர் கையெழுத்தில் இன்றைய தேதி இருந்தது.

கையில் இருந்ததைப் போட்டுவிட்டு அவர் தெருவுக்கு ஓடினார். கார் திருப்பத்தைத் தாண்டியிருந்தது.