மூன்றால் வகுத்த இடம்

இரண்டு பரப்புகள். ஒவ்வொன்றின் மேலும் என்னவெல்லாம் படரக்கூடும் என்று கணக்கெடுத்தால் இரண்டுக்கும் ஒரே விடை வருகிறது. அப்படியானால் இரண்டும் ஒன்றேதானா? ஒன்றை மூன்று முறை கூட்டினால் பூஜ்யமாகிவிடும் எண்ணுலகத்தில் மட்டும் இந்தக் கேள்விக்கு விடையில்லாமல் இருந்தது. ஒன்றேதான் என்று நிறுவக் கணிதப் பேராசிரியை செண்பகாவுக்கு ஆறு வருடம் பிடித்தது. அவளோடு சேர்ந்து எழுதிய ஐசக், கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பவிருந்த அன்று மதியம், முப்பத்தொன்றாம் பக்கத்தைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தான்.

“இங்க மூணால வகுத்திருக்க, செண்பகா.”

அவள் பார்த்தாள். அந்த எண்ணுலகத்தில் மூன்றுதான் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுத்த பின் மிச்சப் பக்கங்களுக்கு அர்த்தமில்லை.

“நானும் எட்டு தடவை படிச்சேன், கண்ணுல படல. நீயும் நானும் ஒண்ணுதான்னு மட்டும் நிரூபணம் ஆயிடுச்சு,” என்றான் ஐசக். அவள் சிரிக்கவில்லை. “ஏதாவது சொல்லு. என்னைத் திட்டவாவது செய்.”

அழுகை வருமென்று அவள் காத்திருந்தாள். முதல் கரு கலைந்தபோது நாள்கணக்கில் அழுதிருக்கிறாள். இரண்டாவதற்கு ஒரு நாள். மூன்றாவது கலைந்த மறுநாள் வகுப்பெடுக்கப் போனாள். அந்த வாரம்தான் இந்தக் கேள்வியைக் கையிலெடுத்தாள்.

“டீ சொல்லட்டுமா?” என்றான் ஐசக்.

“சொல்லு.”

டீ வந்து ஆறியது. ஐசக் தாளை எடுக்கப் பார்த்தான். மூன்றின் மேல் வைத்த விரலை அவள் எடுக்கவில்லை.

“விடு, செண்பகா.”

“அது பூஜ்யம்னு எனக்குத் தோணவே இல்ல, ஐசக்,” என்றாள்.