ஹார்லன் பிரேக் பிடிக்காத வளைவு

“அந்த வளைவுல ஹார்லன் பிரேக்கையே தொடலப்பா! என்னா அழகு தெரியுமா?” லோவெல் சொல்லி வாய் மூடவில்லை, பந்தயக் காரின் மூக்கில் சம்மட்டி இறங்குகிறது. அலுமினியத்தின் அலறலில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துப் பண்ணைக் கொட்டகையே நடுங்குகிறது. அடிப்பவள் வெர்னா, அந்த வளைவில் செத்துப்போன ஹார்லனின் மனைவி. இந்த ரகத்தில் உலகில் மிஞ்சிய ஒரே காரைப் பார்க்க வந்த ரசிகர்கள் பீர் டப்பாக்களோடு சுவரில் ஒட்டிக்கொள்கிறார்கள். “அம்மா, அது கையால தட்டுன தகடு!” என்று ஒருவர் கதறுகிறார். “நான் மட்டும் காலாலயா தட்டுறேன்?” மறுபடி ஓங்குகிறாள். முன்விளக்கு வெடித்து, மாலை வெயிலில் கண்ணாடித்தூள் பொன்னாகப் பறக்கிறது. அவள் விரல் முட்டியிலிருந்து சொட்டும் ரத்தம் கதவின் வெள்ளை வட்டத்தில், பந்தய எண்ணின் மேல் வழிகிறது. விபத்தில் நசுங்கிய இந்தக் காரின் உடலைப் பல வருடம் தட்டி நிமிர்த்தியவன் லோவெல். ஒவ்வொரு அடியும் அவன் விலாவில் விழுகிறது. அவனை அறியாமலே கை நீண்டு, குழிந்த தகட்டைத் தடவிக்கொடுக்கிறது. வெர்னா அதைப் பார்த்துவிடுகிறாள். சம்மட்டியின் பிடியை அவன் நெஞ்சில் வைத்து அழுத்துகிறாள். “அவன் சாகுறப்ப நீ பின்னாடிதானே இன்னொரு கார ஓட்டிட்டு வந்த. உனக்கு இது ஓடுன அழகுதான் ஞாபகம் இருக்கு. லோவெல், அவனுக்காக ஒரே ஒரு அடி, நீயும் அடி.”