ஒட்டாத தகடு

"இந்தத் தடவையும் கொட்டலசு ஒட்டியிருந்தா, நீயும் நானும் மூட்டை கட்ட வேண்டியதுதாம்மா" என்றார் பேராசிரியர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி.

ஆய்வு உதவியாளரான அவள் கயிற்றை இழுத்தாள். கப்பலின் அடியில் கொட்டலசு என்னும் ஓட்டுடல் கடலுயிர்கள் ஒட்டாமல் தடுக்க, வகைவகையான கடற்பஞ்சுகளில் சாறு எடுத்து, தகடுகளில் பூசி, துறைமுகத் தண்ணீரில் தொங்கவிடுவதுதான் அவர்கள் ஆராய்ச்சி. ஒவ்வொரு முறையும் தகடே தெரியாத அளவுக்கு ஒட்டியிருக்கும். சுரண்டிச் சுரண்டி அவள் கை காய்த்துப் போயிருந்தது.

தகடுகள் கோத்த சட்டம் மேலே வந்ததும், பேராசிரியர் ஒன்றைப் பிடுங்காத குறையாகக் கழற்றினார். கண்ணாடி மாதிரி இருந்தது. மற்றவையும் அப்படியே.

"அடி சக்கை! ஒண்ணுகூட ஒட்டலையே! உன் வேலை இனி உறுதிம்மா. என்ன பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? கொஞ்சம் சிரியேன்!"

"தூங்கி நாளாச்சு சார்."

"இனி நல்லாத் தூங்கு. இது எந்தச் சாறு? பின்னால நம்பரைப் பாரு, இப்பவே மேலிடத்துக்குச் சொல்லிடறேன்."

அவள் தகட்டை வாங்கித் திருப்பினாள். எண் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை தப்பிக்கும்.

"இது எதுவுமே பூசாத தகடு சார். ஒப்பிட்டுப் பார்க்கத் தொங்கவிட்டது."

ஃபோனை எடுத்த கை அப்படியே நின்றது. "அப்புறம் இதுல ஏன் ஒட்டல?"

எதிர்க்கரையில் புதிதாகப் போட்ட ஆலைக் குழாய் நுரை நுரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஒட்டறதுக்குத் தண்ணிக்குள்ள எதுவும் உயிரோட இல்ல சார்."