முந்தைய கணக்கு

கம்ப்யூட்டர் திரையில் பச்சைக்கோடு கடைசிவரை ஓடி முடிந்தது. அருளப்பனின் ஃபோன் கம்பெனி பெயரோடு உறைந்து நின்றுவிட்டிருந்தது. அதில் பழைய மென்பொருளை முழுக்க அழித்துப் புதிதாக ஏற்றியிருந்தாள் ரிப்பேர் கடைப் பெண் செண்பகம். ஒயரைப் பிடுங்கி அவரிடம் நீட்டினாள். ஃபோன் வணக்கம் சொல்லிற்று. பிறகு, முன்பு பயன்படுத்திய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டது.

“எல்லாத்தையும் அழிச்சிட்டேன்னு சொன்னியே தாயி.”

“என்ன அழிச்சாலும் இது மட்டும் போகாது அண்ணாச்சி. மொதல்ல யாரு மெயில் போட்டுத் தொறந்தாங்களோ, அவங்களைத்தான் கேக்கும்.”

அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தவள் அவர் மனைவி பிலோமினா. எட்டு மாதத்துக்கு முன் தம்பி வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. பெரிய சண்டை ஒன்றுமில்லை. அதனாலேயே எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் எண்ணை எத்தனையோ முறை அழுத்திவிட்டு, முதல் வார்த்தை கிடைக்காமல் அழித்திருக்கிறார்.

“பாஸ்வேர்டு இல்லாமலும் தொறக்க வழி இருக்கு. அஞ்சு நிமிசம் போதும்,” என்றாள் செண்பகம்.

“வேண்டாம்,” என்றார் அவசரமாக. “ஒன் ஃபோனைக் கொஞ்சம் தாயேன்.”

மூன்றாவது மணியில் பிலோமினா எடுத்தாள். “யாரு?”

“நாந்தான். ஃபோன்ல பாஸ்வேர்டு கேக்குது.”

மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்த குக்கர் சத்தத்தை அடுப்பை அணைத்து நிறுத்தினாள். பிறகு, “எழுதிக்கிடுதீகளா? பேனா இருக்கா?” என்றாள்.

செண்பகம் நீட்டிய பேனாவைக் கையில் இறுக்கிக்கொண்டு, “இல்ல, தேடுதேன்,” என்றார்.