அம்மா உட்கார்ந்த நாற்காலி

“பெற்றோரெல்லாம் இந்தப் பக்கம் வாங்க” என்று ஒரு மாணவி கைகாட்டினாள்.

தனுஜாவின் அப்பா பொன்னையா மறுபேச்சில்லாமல் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தனுஜா அவரைத் தடுக்கப் போனாள். வேண்டாம் என்று அவர் கண்ணாலேயே சொன்னார்.

பதுளையில் உள்ள அந்த விடுதிக் கல்லூரிக்குப் புது மாணவர்கள் வந்து சேரும் நாள் அது. தனுஜா மாணவி இல்லை. மாணவர்களோடு விடுதியிலேயே தங்கி, அவர்களுடைய படிப்புக்குத் துணையாக இருக்க வந்திருக்கும் புதிய கல்வி வழிகாட்டி. அவளுக்கும் இன்றுதான் முதல் நாள்.

பெட்டி தூக்க நான் வரட்டுமா என்று அப்பா கேட்டபோது வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தாள். காலையில் பார்த்தால், தெமோதரை பஸ் நிற்கும் இடத்தில் வெள்ளைச் சட்டையும் பெட்டியுமாக அவளுக்கு முன்னாலேயே நின்றிருந்தார்.

அந்த நாற்காலியை விட்டு அவர் எழுந்திருக்கமாட்டார். ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

பல வருஷங்களுக்கு முன் அவள் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போன நாளில், அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலையில் இருந்தார். லீவு கிடைக்கவில்லை. அம்மா அங்கம்மாதான் கூடப் போனாள். அந்த நாளைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா சொல்லித் தெரிந்ததுதான்.

அம்மா அந்தக் கதையைச் சொல்லாத ஆள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இல்லை. கொழுந்து எடுக்கும்போது சொன்னாள். கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போதும் சொன்னாள்.

பெரிய மண்டபம். கூரையில் சுற்றும் பேன். “முன்னால வந்து உட்காருங்க” என்று பெற்றோரைக் கூப்பிட்ட ஒரு விரிவுரையாளர் சேர். சோசர் வைத்த கோப்பையில் தேத்தண்ணி.

ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பா அதையே திரும்பக் கேட்பார்.

“தேத்தண்ணிக்கு சீனி போட்டிருந்தாங்களா?” என்பார். அம்மா அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

போன வருஷம் மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். அந்தக் கதையும் வீட்டில் நின்றுபோனது.

மண்டப வாசலில் நின்று தனுஜா வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தாள். மழை தூறத் தொடங்கியது. கேட்டுக்கு வெளியே ஒரு பெண், மகளை உள்ளே அனுப்பிவிட்டுக் குடையோடு நின்றாள். மகள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“விடுங்க மிஸ். கொஞ்சப் பேரு அப்படித்தான், கேட்டோட போயிருவாங்க” என்றார் விடுதிப் பொறுப்பாளர் றிப்னா.

அவர் சொல்லி முடிப்பதற்குள் தனுஜா தூறலில் இறங்கியிருந்தாள்.

“உள்ள வாங்கக்கா.”

“இல்லீங்க, பஸ்ஸு போயிரும்.”

தனுஜா அந்தப் பெண்ணின் குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். குடையை விட்டுப் போக மனமில்லாமல் அவளும் பின்னால் வந்தாள். அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அங்கே உட்கார வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் புதிய வழிகாட்டி என்று தனுஜாவை மேடைக்கு அழைத்தார்கள். சிங்களத்திலும் தமிழிலும் சில வார்த்தைகள் பேசினாள். பேசி முடிக்கும் முன்பே ஒருவர் கை தட்டிவிட்டார். யார் என்று பார்க்கத் தேவையிருக்கவில்லை.

தேத்தண்ணி வந்தது. அவள் இறங்கி அப்பாவிடம் போனாள். கோப்பையைச் சோசரோடு இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“ஒங்கம்மா சொன்னது அப்படியே இருக்கு புள்ள. இத்தன வருஷமா நான் மனசுல பாத்துக்கிட்டு இருந்தது சரியாத்தான் இருந்திருக்கு.” பிறகு மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். “அன்னைக்கும் இப்படித்தானே?”

“ஆமாப்பா. இப்படியேதான்.”

அவர் கடைசிச் சொட்டு வரைக்கும் நிதானமாகக் குடித்தார். அந்தப் பெண்ணிடம் பெருமையாக ஏதோ சொல்லத் தொடங்கினார். தனுஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கு அம்மா மண்டபத்துக்குள் கால் வைக்கவே இல்லை.

பல்கலைக்கழகக் கேட்டுக்கு முன்னால் வரிசையாகக் கார்கள் நின்றன. அவற்றிலிருந்து இறங்கியவர்களை அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். தன் சேலையைப் பார்த்தாள். தனுஜாவின் பின்னலைச் சரி செய்துவிட்டு, “நீ போ தாயி” என்றாள். வீதியைக் கடந்து, வந்த வழியே போகும் பஸ்ஸில் ஏறிவிட்டாள். உள்ளே தனுஜா தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் போனில் அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள். எப்படி மண்டபம், யார் பேசினார்கள், குடிக்க என்ன கொடுத்தார்கள். தனுஜா எல்லாவற்றையும் சொன்னாள்.

முதல் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, தண்ணீர்ப் பீலியடியில் பெண்களுக்கு நடுவே அம்மா கதை சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாம் தனுஜா சொன்னதுதான். ஆனால் அந்தக் கதையில் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

மகளைக் கண்டதும் அம்மாவின் குரல் நின்றது.

ரெங்கம்மா அக்கா திரும்பி, “மெய்யாவா புள்ள?” என்று கேட்டாள்.

“ஆமா” என்றாள் தனுஜா.

அடுத்த முறை அம்மா அதே கதையைச் சொன்னபோது, அந்த விரிவுரையாளர் சேர் அம்மாவுடைய பெயரையும் கேட்டிருந்தார்.